கிராஞ்சித் தூண்களில் நம்மவர் பெயர்கள்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களில் யாராவது ஒருவர், ஊர் சுற்றிப் பார்க்கும் திட்டங்களுக்கு நடுவே, "எங்க தாத்தாவோட தம்பி ஜப்பான் சண்டையில இந்தப் பக்கம்தான் போயிட்டாராம், அவருக்குச் சமாதி ஏதாவது இருக்குமா?" என்று கேட்பதுண்டு. எங்கள் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் அங்கே பல இருப்பதால், இந்தக் கேள்வி என் வீட்டில் அடிக்கடி எழுகிறது. கேட்டவர்களைக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்று வந்ததில் தெரிந்துகொண்டவற்றை, இனித் தேட இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: இந்து சமயத்தவரான ஓர் இந்தியப் படைவீரரைத் தேடுபவர்கள் அங்குள்ள வெண்ணிறக் கல்லறை வரிசைகளில் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அவர் பெயர் மேட்டின் உச்சியில் நிற்கும் உயரமான தூண்களிலோ, அவற்றுக்குப் பின்னால் உள்ள தகன நினைவுச்சின்னத்திலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நகரிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வடக்கே, உட்லண்ட்ஸ் சாலையை ஒட்டிய புல்மேட்டில் இந்த நினைவிடம் அமைந்துள்ளது. போருக்கு முன் அந்தப் பகுதியில் ஓர் இராணுவ முகாமும் வெடிமருந்துக் கிடங்கும் இருந்தன. சிங்கப்பூர் வீழ்ந்த பின் ஜப்பானியர் அங்கே போர்க்கைதிகளுக்கான முகாமை அமைத்தார்கள். கைதிகள் தங்கள் தோழர்களைப் புதைத்த சிறிய இடுகாடே, போர் முடிந்ததும் சாங்கி முதலிய இடங்களிலிருந்து எடுத்துவரப்பட்ட உடல்களையும் சேர்த்துக்கொண்டு இன்றைய கல்லறைத் தோட்டமாக விரிந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,400-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் படையினர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் 850-க்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அடையாளம் காணப்படாதவர்கள். கல்லறைகளைக் கடந்து மேலே ஏறினால் வருவது, கல்லறையே இல்லாமல் போனவர்களுக்கான சிங்கப்பூர் நினைவுச்சின்னம். அதன் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கட்டடக் கலைஞர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் வடிவமைத்த அந்தச் சின்னத்தை, 1957 மார்ச் 2 அன்று அப்போதைய ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் திறந்துவைத்தார். வரிசையாக நிற்கும் தூண்கள் தரைப்படையையும், அவற்றின்மேல் படர்ந்த கூரை விமானத்தின் இறக்கையையும், நடுவில் எழும் கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதியையும் நினைவூட்டும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன.

கல்லறையில் உள்ளவர்களைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்டவர்கள் ஏன் பெயராக மட்டும் எஞ்சினார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான் தேடலும் சரியாக அமையும். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியதிலிருந்து, பிரிட்டிஷ் தரப்புப் படைகள் மலாயாத் தீபகற்பம் முழுவதும் பின்வாங்கிக்கொண்டே வந்தன. ஜித்ரா, சிலிம் ஆறு, மூவார் என்று ஒவ்வோர் இடத்திலும் முன்வரிசையில் நின்று அடிவாங்கியவற்றுள் இந்தியப் படையணிகள் பல. பின்வாங்கும் படைக்கு இறந்தவர்களை எடுத்து அடக்கம் செய்ய நேரம் ஏது? ரப்பர்த் தோட்டங்களிலும் காடுகளிலும் சாலையோரக் கால்வாய்களிலும் விடப்பட்டவர்கள் அப்படியே போனார்கள். 1942 ஜனவரி 31 அன்று ஜோகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்து சரிம்புன் கரையில் இறங்கினர். மறுநாள் இரவு கிராஞ்சிக் கரையிலேயே சண்டை நடந்தது. பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டின் முதல் நாளில், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணாகதி கையெழுத்தாயிற்று. அதன்பின் சிறைப்பட்டவர்களில் சயாம்-பர்மா (தாய்லாந்து-மியன்மார்) ரயில்பாதை முகாம்களிலும், கப்பலில் கொண்டுசெல்லப்படும்போது கடலிலும் இறந்தவர்கள் பலர். இவர்களில் உடல் கிடைக்காத அனைவரும் இந்தத் தூண்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

என் மனைவியின் சித்தப்பா ஒருமுறை குடியாத்தத்திலிருந்து வந்தபோது, நான்காக மடித்த ஒரு பழைய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவர். அவர் இறந்ததாக வீட்டுக்கு வந்த அறிவிப்பு அது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்திருந்தாலும், படை எண்ணும் பிரிவின் பெயரும் தெளிவாகவே இருந்தன. "மாப்பிள்ளை, கல்லறை எதுன்னு காட்டுங்க, ஒரு மாலையைப் போட்டுட்டுப் போயிடறேன்" என்று அவர் சொன்னார். "இருங்க மாமா, முதல்ல பேரு எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டுப் போவோம்" என்று சொல்லி, முந்தின இரவே காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேட உட்கார்ந்தோம்.

இந்தத் தேடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்து விட்டுவிடுவது இங்கேதான். நம் பெயர்களை அன்றைய படை எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். முனுசாமி, கோவிந்தசாமி போன்ற ஒரே பெயர் நாலைந்து விதமாகப் பதிவாகியிருக்கும். ஒற்றெழுத்து இரட்டிக்கும், இரட்டித்தது ஒன்றாகும், 'சுவாமி' 'சாமி'யாகும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் வழக்கம் எல்லாப் பதிவுகளிலும் பின்பற்றப்படவில்லை. பலர் ஒற்றைப் பெயரோடுதான் இருக்கிறார்கள். ஆகவே முழுப் பெயரைத் தட்டச்சு செய்து 'இல்லை' என்று வந்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. நினைவிடத்தின் பெயராகச் 'சிங்கப்பூர் நினைவுச்சின்னம்' என்பதையும், நாடாக இந்தியாவையும், படைப்பிரிவையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுவதே பலன் தருகிறது. படை எண் கையில் இருந்தால் அது எல்லாவற்றையும்விட நல்லது. எண்ணில் எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

ஊர்ப் பெயரையும் விடாமல் தேடிப் பார்க்க வேண்டும். இந்தியப் படையினர் பலருடைய பதிவில், இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று ஒரு வரி கூடுதல் தகவலாக இருக்கிறது. ஆனால் அது 1940-களின் மாவட்டம், அன்றைய ஆங்கில வழக்குப்படி எழுதியது. வேலூரையும் திருவண்ணாமலையையும் வட ஆர்க்காட்டில் தேட வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள் அடங்கியிருந்தன. திருச்சிராப்பள்ளி 'திரிச்சினாப்பள்ளி' என்றும், திருநெல்வேலி 'தின்னவெல்லி' என்றும், மதுரை 'மதுரா' என்றும் இருக்கும். நாங்கள் தேடியவரின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. தந்தையின் பெயரும் ஊரும் படை எண்ணும் பொருந்தியதால் அவர்தான் என்று உறுதியாயிற்று. தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை அச்சிட்டும் வைத்துக்கொண்டோம். இணையத்தில் பார்க்க முடியாதவர்கள், நினைவிடத்தின் வாயிலருகே சிறு பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம் என்றாலும், வெயிலில் நின்று அத்தனை பக்கங்களைப் புரட்டுவது முதியவர்களுக்குக் கடினம். வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போவதுதான் நல்லது.

தூண்களில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், பிரிவுக்குள் பதவி வாரியாகவும், பதவிக்குள் அகரவரிசையிலும் வெட்டப்பட்டுள்ளன. இதைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும். பஞ்சாப், டோக்ரா, கார்வால், ஜாட், பலூச், ஐதராபாத், கூர்க்கா என்று தூண் தூணாக இந்தியப் பிரிவுகள் தொடர்கின்றன. தமிழர்களைத் தேடுபவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், தளவாடப் போக்குவரத்துப் பிரிவு, மருத்துவப் பிரிவு ஆகியவற்றையும் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பாலம் கட்டியவர், பாலத்தைத் தகர்த்தவர், லாரி ஓட்டியவர், சமைத்தவர், காயத்துக்குக் கட்டுப் போட்டவர் என்று நம்மவர் பணி பெரும்பாலும் அப்படிப்பட்டதாக இருந்தது. சித்தப்பா தேடிவந்த பெயர் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் இருந்தது. வெறும் கண்ணுக்கு எழுத்துகள் கல்லின் நிறத்தோடு கலந்துபோயின; கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வரிசை பிடிபட்டது. காலை வெயில் சாய்ந்து விழும் பக்கங்களில் வெட்டெழுத்தின் ஓரம் நிழல் கட்டி நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் மங்கிவிடும். கைபேசித் திரையில் அந்தப் பெயரைக் கண்டதும் அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு அதே வரிசையில் மேலும் கீழும் இருந்த பெயர்களையும் வாய்விட்டுப் படித்து, "இவங்கல்லாம் எந்த ஊரோ, யாராவது வந்து பார்த்தாங்களோ" என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பெயர்களையும் பட்டியலில் பார்த்து, ஊர் குறிப்பிடப்பட்டிருந்தவர்களின் விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டார். தன் சொந்த வேலை முடிந்த பின்னும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் அந்தக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிங்கப்பூர் நினைவுச்சின்னத்துக்குப் பின்புறம் உள்ள தகன நினைவுச்சின்னத்தை, வருபவர்களில் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படையினர். மருத்துவமனையிலோ முகாமிலோ இறந்து, உடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய உடனிருந்தவர்களால் முடிந்திருந்தால், பெயர் இங்கே இருக்கலாம். ஆகவே குடும்பத்தில் 'நோயில் இறந்தார்' என்ற செய்தி இருந்தால் முதலில் இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தின் கிழக்கு முனையில் இன்னொரு சின்னமும் உண்டு. போரின் கடைசி நேரத்தில் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அடுத்தடுத்து இறந்ததால், அவசரத் தேவைக்காக முன்பே தோண்டியிருந்த தண்ணீர்த் தொட்டியில் 400-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகப் புதைத்தார்கள். போருக்குப் பின்னும் அதைக் கலைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அங்கே கிடக்கும் காமன்வெல்த் படையினர் 107 பேரின் பெயர்கள் கிராஞ்சியில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடன் கிடக்கும் பொதுமக்களின் பெயர்கள் அந்தச் சின்னத்தில் இல்லை.

போகும் வழி எளிது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். முதியவர்களோடு போனால் 170-ஆம் எண் பேருந்து வசதியாக இருக்கிறது. அது புக்கிட் தீமா சாலை வழியே பழைய ஃபோர்டு தொழிற்சாலையைக் கடந்து உட்லண்ட்ஸ் சாலைக்குப் போவதால், சரணாகதி நடந்த இடத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். காலையிலேயே போய்விட வேண்டும். மேட்டில் நிழல் குறைவு. குடிக்கத் தண்ணீரும் குடையும் அவசியம். அருகில் கடை கிடையாது. சிறு பூங்கொத்தோ மாலையோ வைக்கலாம். கற்பூரமும் ஊதுபத்தியும் ஏற்றுவதைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து. அந்தக் கல்லில் இருப்பவை பல சமயத்தவரின் பெயர்கள், அதில் கரி படியக் கூடாது. சித்தப்பா தூணருகே மாலையை மட்டும் வைத்துவிட்டு, தர்ப்பணத்தைச் சாங்கிக் கடற்கரையில் செய்தார். நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்றும், ஏப்ரல் 25 விடியற்காலையிலும் கிராஞ்சியில் நினைவு வழிபாடுகள் நடைபெறும். மரியாதை செலுத்த விரும்புபவர்களுக்கு அவை சிறந்த நாள்கள். பெயர் தேடுவதற்கு மற்ற நாள்களே ஏற்றவை.

கல்லறைகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் அழைத்துச் செல்பவர்களிடம் சொல்வதுண்டு. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பெயர் தெரியாதவர்களுக்கு 'இறைவனுக்குத் தெரிந்தவர்' என்று பொருள்படும் வாசகம். 1917-இல் தொடங்கப்பட்ட போர்க்கல்லறை ஆணையம், பதவியாலும் இனத்தாலும் சமயத்தாலும் இறந்தவர்களுக்குள் வேறுபாடு காட்டுவதில்லை என்பதையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் அந்தக் கொள்கை காக்கப்படவில்லை என்று, 2021-இல் வெளியான அறிக்கையில் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 116,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படாமல் விடப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். இதை அறிந்த பிறகு, கிராஞ்சித் தூண்களில் சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருப்பதன் மதிப்பு எனக்குக் கூடியது.

கிராஞ்சியில் தேடியும் கிடைக்காதவர்களைப் பற்றிக் குடும்பத்தாரிடம் நான் கேட்கும் கேள்வி, அவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தாரா என்பதுதான். சரணாகதிக்கு இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, இந்தியப் போர்க்கைதிகள் ஃபேரர் பார்க் திடலில் தனியே கூட்டப்பட்டார்கள். அங்கிருந்து தொடங்கிய படையை 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் ஏற்று நடத்தினார். மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு அதில் சேர்ந்தார்கள். அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் இங்கே வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து இறந்தவர்களின் பெயரைக் கிராஞ்சியில் தேடிப் பயனில்லை. அவர்களுக்காகப் போஸ் 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேட் பகுதியில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களுக்குள் தகர்த்தார்கள். 1995-இல் அதே இடத்தில் தேசிய மரபுடைமைக் கழகத்தால் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் பெயர் கிராஞ்சித் தூணிலும், தம்பியின் நினைவு இந்தப் பெயரில்லாப் பலகையிலும் இருக்கக்கூடும். இரண்டு இடங்களுக்கும் போக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். யார் செய்தது சரி என்று அங்கே நின்று வழக்காட என் மனம் ஒப்புவதில்லை.

எஸ்பிளனேடில் உள்ள அந்தப் பலகையிலிருந்து சாலையைக் கடந்தால் வருவது, 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம். நான்கு இனங்களைக் குறிக்கும் நான்கு தூண்களின் அடியில், சிக்லாப் முதலிய இடங்களில் தோண்டி எடுக்கப்பட்டவர்களின் எச்சங்கள் 606 தாழிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடிப்பகுதியில் தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் அதை அவர்களையே படிக்கச் சொல்லலாம்.

எந்தக் கல்லிலும் இடம்பெறாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களில் பலருக்கு மலாயாத் தோட்டங்களோடு உறவு உண்டு. அந்தக் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை' என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. 1942-43-இல் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. அதே பாதையில் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட வரிசை ஒன்றுகூட இல்லை. அவர்களில் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரவர். கிராஞ்சித் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அந்த ஊரில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் படையினர் அல்லர் என்பதால் ஆணையத்தின் பட்டியலில் வர மாட்டார்கள். ஆள் பிடித்தவர்களோ ஒழுங்கான பேரேடு வைத்துக்கொள்ளவில்லை.

அவர்களைப் பொறுத்தவரை, தேடுவதைவிடப் பதிவு செய்வதுதான் நம்மால் ஆகக்கூடிய வேலை. எந்தத் தோட்டம், யாரோடு போனார், எந்த மாதம், வழியில் யாரிடம் சொல்லி அனுப்பினார், வீட்டில் எந்த நாளில் திதி கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளை வீட்டு முதியவர்களிடம் கேட்டு, குரலாகவே பதிந்துகொள்ள வேண்டும். ஆண்டு தெரியாது என்பவர்கள்கூட, "தீபாவளி முடிஞ்ச கையோட", "கடைசித் தங்கச்சி பொறந்திருந்தா" என்று காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பேட்டிகளும் அவற்றுள் உண்டு. எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ள அவற்றில் சிலவற்றைக் கேட்டாலே போதும். படையினராக இருந்தவர்களின் பதிவில் பிழையிருந்தால், குடும்பத்தாரிடம் உள்ள ஆவண நகலை இணைத்துத் திருத்தம் கோரிப் போர்க்கல்லறை ஆணையத்துக்கு எழுதலாம். சித்தப்பாவின் தாளையும் குடும்ப அட்டை விவரங்களையும் ஒழுங்காக நகலெடுத்து, மாறிப்போன அந்த ஓர் எழுத்துக்கான விண்ணப்பத்தை நானும் அவர் மகனும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.